தண்ணீரில் கண்டம்

என் ஜாதகத்தை யார் கணித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதில் என்ன இருந்தது என்பது மட்டும் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். "இந்தப் புள்ளைக்குத் தண்ணியில கண்டம்" என்று பாட்டி ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதனால் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, வாளித் தண்ணீரைத் தாண்டி எந்தத் தண்ணீரோடும் பழக்கமில்லை. மற்ற பிள்ளைகள் ஓடையில் இறங்கும்போது நான் கரையில் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். தாப்பா சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவிக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோதும் அதே வேலைதான்.

பிறகு விசாரித்துப் பார்த்தேன். எங்கள் லயத்தில் மட்டும் என் வயதுப் பிள்ளைகள் நான்கு பேருக்குத் தண்ணீரில் கண்டம். நான்கு பேருக்கும் ஒரே ஜோசியர் போலும்.

இன்று அந்த ஜோசியரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னது பலிக்கத்தான் பார்த்தது. ஆனால் காரணம் கிரகம் இல்லை. தண்ணீரில் கண்டம் என்று சொல்லித் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்ததுதான் கண்டம். மலையில் பிறந்து, பத்தொன்பது வயதில் முதன்முறையாகக் கடலில் முகத்தை வைத்த ஒருத்தியாக இதைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. உடன் படிக்கும் நண்பர்கள் தியோமான் தீவுக்குக் கிளம்பினார்கள். தியோமான் எங்கோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கேமரன் மலையும் பகாங்தான், தியோமானும் பகாங்தான். மாநிலத்தின் வடமேற்கு மூலையில் தேயிலை, தென்கிழக்கே ரொம்பின் மாவட்டத்தைச் சேர்ந்த அந்தத் தீவு. ஒரே சுல்தானின் குடிமக்கள் நாம். அப்படியும் எங்கள் தோட்டத்தில் அதுவரை அந்தத் தீவைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

படகு தெக்கேக் கம்பத்துக்கு அருகிலுள்ள ரெங்கிஸ் என்ற குட்டித் தீவுக்குப் போய் நின்றது. ஆளுக்கொரு நீர்க்கண்ணாடி, ஒரு குழாய், ஒரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். "மூக்கால மூச்சு விடாதே, வாயால விடு." பாடம் அவ்வளவுதான். நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வெட்கத்தில் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

குதித்தேன். கீழே குனிந்த முதல் நொடியில் நீலமும் மஞ்சளுமாய் ஒரு மீன் கூட்டம் கடந்தது. சிரித்துவிட்டேன். சிரித்தால் கன்னம் சுருங்கும், கண்ணாடியின் ரப்பர் விளிம்பு தோலைவிட்டு விலகும், தண்ணீர் உள்ளே வரும். இதெல்லாம் இன்று தெரிகிறது. அன்று மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியதும் கண்ணாடியைப் பிடுங்கினேன். குழாயில் நிறைந்திருந்த தண்ணீரை ஒரே மூச்சாக இழுத்தேன். இடுப்பு வாரை இறுக்காததால் லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டது. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. இருபது மீட்டர் தள்ளித் தோழிகள் மீனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூடத் திரும்பவில்லை. படகோட்டி மட்டும் பார்த்துவிட்டார். அவர் குதித்து வந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்பது சினிமா. உண்மையில் மூச்சுக்கே காற்றில்லாதபோது கூச்சலுக்குக் காற்று எங்கே இருக்கும்? வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போய்வரும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். பார்ப்பவருக்கு ஏதோ விளையாடுவது போல இருக்கும். இந்த ஒன்றையாவது உங்கள் நண்பர்களிடம் சொல்லி வையுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் உலக அளவில் இது மூன்றாவது. அதே 2021இல்தான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் நாளை மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. காய்ச்சலுக்கு ஊசி போடுகிறோம், சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுக்கிறோம். தண்ணீருக்கு மட்டும் ஜாதகத்தைக் கேட்கிறோம்.

பாட்டியின் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். 1926இல் கட்டப்பட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம்மவர்களை ஏற்றி இறக்கிய அதே ரஜுலாதான். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, வாந்தியும் மயக்கமுமாய் நாள்களைக் கடத்தி, வழியில் இறந்துபோன ஒருவரைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கியதைக் கண்ணால் பார்த்தவர். கரை சேர்ந்ததும் நேராக மலைக்கு வந்தார். அதன்பிறகு அவர் கடல் பக்கம் போகவே இல்லை. பயம் மகளுக்கு வந்தது, பேத்திக்குக் கடந்தது, என்னிடம் ஜாதகமாக வந்து சேர்ந்தது.

மலையிலும் தண்ணீர் எங்களைச் சும்மா விட்டதில்லை. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்து உயிர்கள் போனதை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. "மலைக்காரர்களுக்கு எதற்கு நீச்சல்?" என்ற கேள்விதான் பொருந்தவில்லை என்கிறேன். ஐந்தாம் படிவம் முடிந்ததும் நம் பிள்ளைகள் முதலில் எங்கே போகிறார்கள்? அருவிக்கு, அல்லது கடலுக்கு. பதினேழு வயது வரை கரையில் செருப்புக்குக் காவலிருந்தவர்கள், கேட்க ஆளில்லாத முதல் நாளில் ஆழத்தைத் தேடிப் போகிறார்கள்.

விடுமுறையில் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கி நீச்சல் கற்றேன். ஏழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன், அங்கே நான்தான் உயரம். பயிற்றுநர் முதல் வாரம் கை வீசக் கற்றுத்தரவே இல்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை ஊதச் சொன்னார். பிறகு மல்லாந்து மிதக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நின்ற இடத்திலேயே காலை உதைத்துத் தலையை வெளியே வைத்திருக்கச் சொன்னார். "இந்த மூணும் வந்தா நீ பொழைச்சுக்குவம்மா, மத்தது அழகுக்கு" என்றார். அது எவ்வளவு சரி என்பது கடலில்தான் புரிந்தது. உப்பு நீர் நன்னீரைவிட அடர்த்தி கூடியது, சுமார் 1.025 மடங்கு. குளத்தில் மிதக்கத் தெரிந்தவரைக் கடல் இன்னும் எளிதாகத் தூக்கிக்கொள்ளும்.

என் கணக்கு இது: ஐந்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும், நிறுத்தாமல் 50 மீட்டர் நீந்தவும் முடியாதவர் ஸ்நோர்க்கல் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகக்கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில் பழகலாம். சுற்றுலா விளம்பரங்கள் நேர்மாறாகச் சொல்லும்: நீச்சல் தெரியாதவர்களும் வரலாம், லைஃப் ஜாக்கெட் உண்டு என்பார்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் இன்றும் போடுகிறேன். ஆனால் அது உங்களை மிதக்கத்தான் வைக்கும். நீரோட்டம் இழுத்தால் திருப்பிக் கொண்டுவந்து விடாது, மூச்சுத் திணறும்போது மனத்தை அமைதிப்படுத்தாது. ஹவாய்த் தீவுகளில் கடலில் மூழ்கி இறக்கும் சுற்றுப்பயணிகளில் அதிகமானோர் ஸ்நோர்க்கல் செய்துகொண்டிருந்தவர்கள். அலையில் சாகசம் செய்தவர்கள் அல்லர், முகத்தைக் குனிந்து அமைதியாக மீன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அடுத்த ஆண்டு மறுபடி தியோமான் போனேன். இம்முறை என்னுடைய சொந்தக் கண்ணாடியோடு.

இதற்குக் காசு செலவழிப்பதானால் முதலில் கண்ணாடிக்குச் செலவழியுங்கள். துடுப்புக் காலணியை வாடகைக்கு எடுக்கலாம். குழாய் எதுவாக இருந்தாலும் போதும். கண்ணாடி மட்டும் அவரவர் முகத்துக்குப் பொருந்தவேண்டும். கடையில் வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுடையது. நெற்றி முடி ஒன்று உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும், பெண்பிள்ளைகள் முடியை இறுகக் கட்டிக்கொள்ளவேண்டும். புதுக் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும், பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவினால் போகும். பனி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவி அலசுவது உலகெங்கும் உள்ள வழக்கம். முகம் சுளிக்காதீர்கள், வேலை செய்கிறது. மூக்குக் கண்ணாடி போடும் மாணவர்கள் பவர் வைத்த நீர்க்கண்ணாடி கேட்டு வாங்குங்கள். என் தோழி ஒருத்தி அது தெரியாமல் இரண்டு நாளும் நிறங்களை மட்டுமே பார்த்துவிட்டு வந்தாள்.

இயற்பியல் படிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. குழாய் ஏன் முழங்கை நீளத்துக்குமேல் இருப்பதில்லை? ஒரு மீட்டர் குழாய் இருந்தால் இன்னும் கீழே போய்ப் பார்க்கலாமே என்று நானும் யோசித்தேன். 2 செண்டிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் குழாயின் கொள்ளளவு 314 மில்லிலிட்டர். சாதாரணமாக நாம் ஒருமுறை இழுக்கும் மூச்சு அரை லிட்டர்தான். அதாவது வெளியே விட்ட பழைய காற்றையே பெரும்பாலும் திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம். அது போகட்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 10,000 நியூட்டன். மார்பின் முன்பரப்பை 0.1 சதுர மீட்டர் என்று வைத்தால் 1,000 நியூட்டன், ஏறக்குறைய 100 கிலோ மூட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூச்சிழுப்பது போல. அதனால்தான் குழாய் குட்டையாக இருக்கிறது. அதை நீட்டிப் பார்க்கும் விபரீத ஆராய்ச்சி வேண்டாம்.

நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். கண்ணாடி போட்டு நீருக்குள் பார்க்கும்போது 4 மீட்டரில் இருப்பது 3 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும், பொருளும் பெரிதாகத் தெரியும். முதல் தடவை நான் பார்த்துப் பயந்த "பெரிய" சுறா, படகோட்டி அண்ணன் சொன்ன கணக்குப்படி என் கை நீளம்கூட இல்லை. துடுப்பு நுனி கறுத்த அந்தக் குட்டிச் சுறாக்கள் ரெங்கிஸ் பக்கம் சாதாரணமாகத் திரிகின்றன. நம்மைக் கண்டால் அவைதான் ஓடுகின்றன.

மூச்சு வாயால், மெதுவாக, நீளமாக. குழாயில் தண்ணீர் வந்தால் பதறாமல் 'தூ' என்று ஒரே ஊதலில் வெளியேற்றவேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இதை இடுப்பளவுத் தண்ணீரில் இருபது தடவை பழகிவிட்டுப் பிறகு நகருங்கள். தம் கட்டிக் கீழே இறங்குகிறவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. இறங்குமுன் வேகவேகமாக மூச்சை வாங்கி விடாதீர்கள். அப்படிச் செய்தால் உயிர்வளி கூடுவதில்லை, கரிவளிதான் குறைகிறது. 'மூச்சு வேண்டும்' என்று மூளையை உசுப்புவது கரிவளிதான். அது குறைந்தால் உசுப்பல் வருமுன்பே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

எங்கே பார்ப்பது? படகுக்குக் காசில்லாத மாணவர்களுக்கு தெக்கேக் கம்பத்தின் கடல் பூங்கா நிலையத்துப் படகுத்துறையே போதும். கரையிலிருந்தே இறங்கலாம், மீன் கூட்டம் கண்ணை மறைக்கும். ஆயர் பாத்தாங்கிலும் வடக்கே சாலாங்கிலும் கடற்கரையின் ஓரங்களில் பாறை தொடங்குகிற இடத்தில்தான் பவளம் இருக்கும், நடுமணலில் ஒன்றுமில்லை. படகில் போக முடிந்தால் துலாய் தீவு. வடமேற்கே ஒதுங்கிய அந்தத் தீவின் வளைகுடாவில் தண்ணீர் அமைதியானது, புதியவர்களுக்கு ஏற்றது. ரெங்கிஸ் கரைக்கு எதிரேதான் இருக்கிறது, நீந்தியே போய்விடலாம்போலத் தோன்றும். போகாதீர்கள். இடையே படகுகள் ஓடுகின்றன, நீரில் குனிந்திருக்கும் தலை படகோட்டிக்குத் தேங்காய் மட்டைபோலத் தெரியும். கிழக்கே ஜுவாரா அழகான ஊர், ஆமை பாதுகாப்புப் பணி நடக்கும் இடம், ஆனால் அங்கே அலை கூடுதல். எங்கும் காலை நேரம்தான் நல்லது. பிற்பகலில் காற்று எழும்பித் தண்ணீர் கலங்கும்.

துலாயில் அன்று நான் கண்டதில் ஒன்றைச் சொல்கிறேன். தண்ணீருக்குள் சத்தமிருக்காது என்று நினைத்திருந்தேன். காதைக் கொடுத்தால் 'கறுக் கறுக்' என்று ஓயாமல் ஏதோ கடிபடுகிறது. கிளிமீன்கள் அலகுபோன்ற பல்லால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தன. பாறைமேல் படரும் பாசியைத் தின்னும்போது பவளச் சுண்ணாம்பும் சேர்ந்து உள்ளே போகிறது. அது பொடியாகி வெளியே வருகிறது. அந்த வெள்ளை மணல் கடற்கரையில் ஒரு பங்கு கிளிமீனின் கழிவு. இதை எங்கள் தோட்டத்தில் சொன்னபோது மண்புழு பண்ணுவதைத்தான் அதுவும் பண்ணுகிறது என்று அப்பா உடனே புரிந்துகொண்டார். தேயிலைக்காரருக்கு மண்ணைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அதனால்தான் மீனுக்கு ரொட்டி போடாதீர்கள் என்கிறேன். ரொட்டி தின்று வயிறு நிறைந்த மீன் பாசியைத் தொடுவதில்லை. பாசி படர்ந்தால் பவளம் மூச்சுமுட்டும். பவளத்தின்மேல் நிற்பதும் கூடாது. அது கல்லாகத் தெரிந்தாலும் உயிருள்ளது, விரலளவு வளர ஆண்டுகள் பிடிக்கும். நிற்பவருக்கும் நல்லதல்ல: நீண்ட கறுப்பு முள்களோடு பந்துபோல் கிடக்கும் உயிரினங்கள் பவள இடுக்கில்தான் இருக்கும், முள் காலில் ஏறினால் பயணம் அத்தோடு முடிந்தது. கிளாத்தி மீனில் பெரிய இனம் ஒன்று முட்டையிட்டுக் காவலிருக்கும் காலத்தில் ஆளைத் துரத்திக் கடிக்கும். அது பாய்ந்து வந்தால் மேலே போகாதீர்கள், பக்கவாட்டில் விலகிப் போங்கள். அதன் எல்லை கூம்புபோல மேலே விரிந்துகொண்டே போகும்.

தியோமானைச் சுற்றியுள்ள கடல் 1994 முதல் கடல் பூங்கா. கரையிலிருந்து 2 கடல் மைல் வரை மீன்பிடிக்கவோ பவளத்தையோ சிப்பியையோ எடுக்கவோ கூடாது. சட்டம் தடுக்க முடியாதது ஒன்று உண்டு, சூடு. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும், பவளம் தன் உடலுக்குள் குடியிருந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010இல் அப்படி வெளுத்தபோது தியோமான் உட்பட பல தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை அரசாங்கம் மாதக்கணக்கில் மூடியது. 2024 ஏப்ரலில் உலகம் நான்காவது பெரும் வெளுப்பைச் சந்தித்துக்கொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நாம் தனியாளாக அந்தச் சூட்டைக் குறைக்க முடியாது, நம் பங்குக்குப் புதுக் கேடு செய்யாமலாவது இருக்கலாம். சில வெயில் பூச்சுகளில் உள்ள ஆக்ஸிபென்சோன் பவளத்தைப் பாதிக்கிறது என்று ஹவாய் 2021 முதல் அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டால் பூச்சே பெரும்பாலும் வேண்டாம்.

முழுக்கைச் சட்டை என்றதும் நம் வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். "பொம்பளப் புள்ள அந்த உடுப்புப் போட்டுக்கிட்டுக் கடல்ல குதிக்கிறதா?" இந்தக் கேள்விக்குப் பயந்தே ஆசையைச் சொல்லாமல் இருக்கும் மாணவிகள் பலரை எனக்குத் தெரியும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் நீச்சலுடையை நம் மலாய்த் தோழிகள் எத்தனையோ காலமாகப் போடுகிறார்கள், எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கிறது. ஜெல்லிமீன் கொட்டாமலும் முதுகு வேகாமலும் காப்பதும் அதுதான். உடை ஒரு காரணமே அல்ல. இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் இராமேசுவரம் பக்கம், பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களைப் பற்றித் தேடிப் பார்க்கட்டும். புடவைக்குமேல் சட்டை, கண்ணில் ஒரு நீர்க்கண்ணாடி, அவ்வளவோடு மன்னார் வளைகுடாவில் தம் கட்டி மூழ்கிக் கடற்பாசி எடுத்துக் குடும்பம் நடத்துகிறார்கள், குழாய்கூட இல்லாமல். தூத்துக்குடிக் கடலில் காலில் கல்லும் இடுப்பில் கயிறுமாக முத்துக்குளித்தவர்களின் மொழியைத்தான் நாம் பேசுகிறோம். கடல் நம்முடையதல்ல என்ற எண்ணம் தோட்டத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லவேண்டும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, தியோமானில் பல கடைகளும் தங்குமிடங்களும் மூடிக்கிடக்கும். என் பள்ளிக் காலத்தில் நீண்ட விடுமுறை வந்ததும் சரியாக அப்போதுதான். எஸ்.பி.எம். முடித்த கையோடு கிளம்புகிறவர்கள் கொந்தளிக்கும் கடலுக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள். பொறுத்திருந்து மார்ச்சுக்குப் பிறகு போங்கள். ரொம்பினின் தஞ்சோங் கெமோக்கிலிருந்தோ ஜொகூர் மெர்சிங்கிலிருந்தோ பெர்ரி உண்டு, மெர்சிங்கில் புறப்படும் நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறும். மலையிலிருந்து இறங்கி அங்கே போய்ச் சேரவே ஒரு முழுநாள் ஆகிவிடும், அவசரப்பட்டு இரவுப் பயணம் செய்து தூங்கிய கண்ணோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.

அண்மையில் என் அறைத்தோழி மால்ட்டா தீவின் படமொன்றைக் காட்டி, "மத்தியதரைக் கடல்ல ஒருநாளாவது ஸ்நோர்க்கல் பண்ணணும்" என்றாள். கோமினோ என்ற குட்டித் தீவின் நீலக் குடா, கண்ணாடிபோலத் தண்ணீர். உண்மையில் அந்தத் தெளிவுக்கு ஒரு காரணம், அந்தக் கடலில் சத்து குறைவு. நம் பக்கத்துப் பவளத்தோட்டம் அங்கே கிடையாது, பாறையும் கடற்புல் வெளியும்தான். குளிர்காலத்தில் நீரின் வெப்பம் 15 பாகைக்கு இறங்கிவிடும். மலைக்காரியான எனக்கே அது குளிர். அவள் போகட்டும், போய் வந்து சொல்லட்டும். நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "உனக்கு நீச்சல் தெரியுமா?" சிரித்தாள். இப்போது சனிக்கிழமைதோறும் குளத்துக்கு வருகிறாள்.

தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்காக எவ்வளவோ பேர் உழைக்கிறார்கள். இலவச டியூஷன், யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் அதற்குத் தனி வகுப்பு, எஸ்.பி.எம். வழிகாட்டிக் கருத்தரங்கு, தீபாவளிக்குத் துணிமணி. முன்னாள் மாணவர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் செய்வதை நான் மதிக்கிறேன், நானே அந்த டியூஷனில் படித்தவள்தான். அந்தப் பட்டியலில் ஆண்டுக்கு ஒரு பேருந்தைச் சேர்க்கக் கூடாதா? இருபது பிள்ளைகளை எட்டு சனிக்கிழமை ஈப்போவுக்கு இறக்கி நீச்சல் கற்றுக்கொடுத்துத் திரும்ப ஏற்றினால் போதும். "முதல்ல பாடத்தைப் பார்க்கட்டும், கடல் எங்கேயும் ஓடிப்போகாது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். பாடம் முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மதிப்பெண் குறைந்தால் மறுபடி எழுதலாம். அதோடு, கடல் உயிரியலும் மீன்வளமும் நம் பல்கலைக்கழகங்களில் படிப்புகளாக இருக்கின்றன. தியோமானில் பவளத்தைக் கணக்கெடுக்கும் ரீஃப் செக் மலேசியா போன்ற அமைப்புகளுக்குத் தொண்டர்கள் தேவைப்படுகிறார்கள். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே பயப்படும் மாணவிக்கு அந்தப் படிப்பின் பெயர் விண்ணப்பப் பாரத்தில் கண்ணிலேயே படாது. என் கண்ணில் படவில்லை.

வரும் விடுமுறைக்கு எங்கள் லயத்தில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருவர் 'கண்டக்காரர்கள்'. பேருந்துக்கு இன்னும் ஏற்பாடாகவில்லை, காய்கறி லாரிக்கார மாமா இரண்டு வாரத்துக்கு வேன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கொளத்துல ஆழம் எவ்வளவு?" என்று கேட்டார். ஒருபக்கம் இடுப்பளவு, மறுபக்கம் ஆள் முழுகும் என்றேன். "இடுப்பளவு பக்கமே நிக்கச் சொல்லு" என்றார். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் நிற்கப் போகிறார்கள்.